கும்பிடத் தெரியாத பம்ப்

நான் ஒரு பம்பைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அதில் நிபுணராகிவிட்டவள். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துபோன விஷயத்தில் என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கிறது?

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் என் புராஜெக்ட், ஸ்லைடிங் வேன் பம்ப். தமிழில் சொன்னால் நகரும் தகட்டுப் பம்ப். முப்பத்திரண்டு ஸ்லைடு. சிவப்பு அம்பு, நீல அம்பு, தானாகச் சுற்றும் படம், எல்லாம் உண்டு. பம்ப் மட்டும் கிடையாது. லேபில் இருந்த ஒரே பம்ப் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவர் நீண்ட விடுப்பில் இருந்தார். (அவர் திரும்பி வருவதற்குள் எனக்கு டிகிரியே கொடுத்துவிட்டார்கள்.)

ஆனால் அந்தப் பம்ப் மேல் எனக்கு இருந்த காதலில் குறை சொல்ல முடியாது. வீட்டில் யார் சிக்கினாலும் விளக்குவேன். அதிகம் சிக்கியது செல்வி அண்ணிதான். சமையலறையில் அவர் கை வேலையாக இருக்கும்; தப்பி ஓட முடியாது.

"அண்ணி, உங்க பெரிய வளையலைக் கழட்டிக் குடுங்க. இப்ப இதுக்குள்ள என் சின்ன வளையலை வைக்கிறேன். நடுவுல வைக்கல, ஒரு ஓரமா ஒட்டி வைக்கிறேன். ரெண்டுக்கும் நடுவுல என்ன தெரியுது?"

"தரை தெரியுது."

"அண்ணி! பிறை மாதிரி ஒரு இடைவெளி தெரியுதா? ஒரு பக்கம் அகலம், போகப் போகக் குறுகல். சின்ன வளையல்தான் சுத்துற உருளை. அதுல அங்கங்க வெட்டு இருக்கும். ஒவ்வொரு வெட்டுலயும் ஒரு தகடு. உருளை சுத்தினா தகடெல்லாம் வெளிய நழுவி வந்து, பெரிய வளையலைத் தடவிக்கிட்டே ஓடும். ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஒரு சின்ன அறை. அறை பெருசாகுற இடத்துல உள்ள உறிஞ்சும். சிறுசாகுற இடத்துல வெளிய தள்ளும். அவ்ளோதான்!"

"அவ்ளோதானா? இதுக்கா நாலு வருஷம்?" என்றார் அண்ணி, வளையலைப் பிடுங்கி மாட்டிக்கொண்டே.

இந்தப் பம்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நம் வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், வெளிக்குழாயை மூடினால் கொஞ்ச நேரம் உள்ளுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு சுற்றும். தகட்டுப் பம்ப் அப்படியில்லை. உள்ளே வாங்கியதை வெளியே தள்ளியே தீரும். அதனால்தான் அதன் பக்கவாட்டில் ரிலீஃப் வால்வ் என்று ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டிக் கதவு இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் கதவு திறந்து, போக வழியில்லாததை வந்த பக்கமே திருப்பிவிடும். ஸ்லைடு எண் இருபத்தேழு. அந்த ஸ்லைடை நான் கல்லூரியில் காட்டியபோது கைதட்டினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

படித்து முடித்து எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். அப்பா பொறுமைசாலி. ஒன்பதாவது மாதம் புத்தூரில் வங்கித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றிலிருந்து விண்ணப்பம் வாங்கி வந்து டிவிக்கு மேலே வைத்தார். டிவி பார்க்கும்போதெல்லாம் அதுவும் என்னைப் பார்த்தது.

அந்தப் பயத்தில்தான் திருவெறும்பூர் பக்கம் கல்பனா மேடத்தின் பம்ப் ரிப்பேர் ஷெட்டுக்குப் போனேன். மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் சின்னப் பொட்டு, காதுக்கு மேலே சொருகிய பென்சில், கையில் கிரீஸ். என்னை உட்காரச் சொல்லவில்லை. உட்கார இடமும் இல்லை.

"எதுல இன்ட்ரஸ்ட்?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"ஸ்லைடிங் வேன் பம்ப் மேடம்! பெட்ரோல் பங்க்ல டீசல் இழுக்கிறது, லாரியிலேர்ந்து சமையல் கேஸை டேங்குக்கு மாத்துறது, கார்ல பவர் ஸ்டீயரிங், மாட்டுக்குப் பால் கறக்கிற மெஷின்ல காத்தை உறிஞ்சுறது, காபி மெஷின், சோடா மெஷின், எல்லாத்துலயும் இருக்கு மேடம். தகடு தேஞ்சாக்கூட அதுவே இன்னும் கொஞ்சம் வெளிய வந்து சரிபண்ணிக்கும் மேடம்!"

"மூச்சு விடும்மா," என்றார் மேடம். "எத்தனை பம்ப் பிரிச்சிருக்கே?"

"கான்செப்டா பிரிச்சிருக்கேன் மேடம்."

பின்னால் வேலை செய்துகொண்டிருந்த ஃபிட்டர் ஒருவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. "கான்செப்டா பிரிச்சா சம்பளமும் கான்செப்டாத்தான் வரும்," என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பித்தளைப் பம்பை எடுத்து மேசையில் வைத்தார். கொய்யாப்பழ அளவு. அதனோடு பேட்டரியில் ஓடும் ஒரு மோட்டார்.

"காபி மெஷின்ல இருந்தது. கழுவி வச்சிருக்கேன். சித்திரைத் தேரன்னிக்கு நம்ம ஷெட் சார்புல நீர்மோர் பந்தல். வருஷா வருஷம் அகப்பையில மொண்டு ஊத்தி என் தோள்பட்டை போச்சு. நீ இதை ஓட்டு. தேர் நம்ம பந்தலைத் தாண்டுற வரைக்கும் மோர் நிக்கக் கூடாது. நிக்காம வந்துச்சுன்னா திங்கக்கிழமை வேலைக்கு வா. நின்னுச்சுன்னா வராதே. சரியா?"

சரி என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் அந்தப் பம்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட் அம்மா, "சின்ன வெண்கலப் பானையா? எந்தக் கடை?" என்று கேட்டார். அவருக்கும் விளக்கினேன். (அவர் பால்பண்ணை நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். டிக்கெட் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எடுத்திருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது.)

தேர் நாள் விடிந்தது. சித்திரை வீதி முனையில் தென்னங்கீற்றுப் பந்தல். ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா நிறைய நீர்மோர். அண்டாவிலிருந்து பம்புக்கு ஒரு டியூப், பம்பிலிருந்து ஒரு நீளமான டியூப், அதன் முடிவில் நான்கு குழாய்கள். மோர் சிதறாமல் இருக்க ஒவ்வொரு குழாய் முனையிலும் ஒரு சாண் டியூப் துண்டு தொங்கவிட்டிருந்தேன். கரண்ட்டை நம்பாமல் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே அண்ணன் உதவியோடு கொண்டுவந்துவிட்டேன். ("ஃபேன் நின்னா உன் பம்பா வந்து விசிறும்?" என்று அம்மா கேட்டது தனிக் கதை.)

மேடம் தன் கையால் எழுதிய அட்டையைக் கொண்டுவந்து மாட்டினார்: 'மோரை வீணாக்காதீர்கள். பிடித்ததும் குழாயை மூடவும்.' பட்டுப்புடவை கட்டியிருந்தார். மயில்கழுத்து நிறம். அன்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நல்ல சகுனமாகத்தான் தோன்றியது.

வடிகட்டிய மோர்தான் வேண்டும் என்று அண்ணியிடம் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கறிவேப்பிலை கூடாது, இஞ்சி கூடாது, கொத்தமல்லி கூடாது. தகட்டுப் பம்புக்குச் சுத்தமான திரவம்தான் ஆகும். திப்பி போனால் வெட்டுக்குள் சிக்கித் தகடு நகராது.

"கறிவேப்பிலை இல்லாத நீர்மோரா? அதுக்குப் பேரு சுண்ணாம்புத் தண்ணி," என்றார் அண்ணி. இருந்தாலும் வடிகட்டித்தான் தந்தார்.

முதல் விருந்தாளி மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெரியவர். பச்சைமலை அடிவாரத்திலிருந்து வருவதாகச் சொன்னார். முதல் டம்ளர் கையால் கொடுத்தால்தான் மனசுக்குத் திருப்தி என்று அண்ணி மொண்டு ஊற்றினார். பெரியவர் பாதி குடித்துவிட்டு, "அந்தக் குழாயிலயும் கொஞ்சம் ஊத்து தாயி," என்று டம்ளரைக் குழாய்க்கு அடியில் நீட்டினார். டியூப் நுனி மோருக்குள் மூழ்கியது. குழாயைத் திறந்துவிட்டு, பேட்டரியில் இரண்டு கிளிப்பையும் மாட்டினேன்.

சர்ரென்று ஒரு சத்தம். டம்ளரில் மோர் இறங்கியது. ஏறவில்லை, இறங்கியது. பெரியவர் கண்ணெதிரே பாதி டம்ளர் மோரும் டியூப் வழியாக மேலே போய் மறைந்தது. அண்டாவுக்குள் கொப்பளம் கொப்பளமாகக் காற்று வந்தது.

பெரியவர் காலி டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன தாயி, குடுத்துட்டுப் புடுங்குற?"

சிவப்பு வயரைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாட்டியிருந்தேன். மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. உறிஞ்சும் பக்கம் தள்ளியது, தள்ளும் பக்கம் உறிஞ்சியது. தத்துவப்படி மிகச் சரியாகத்தான் வேலை செய்தது. அதை நான் பெரியவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அண்ணி என் வாயைப் பொத்தி, அவருக்கு இரண்டு டம்ளர் மொண்டு கொடுத்து அனுப்பினார். மேடம் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே சொருகிக்கொண்டார்.

கிளிப்பை மாற்றினேன். அதன்பிறகு நடந்ததை நான் என் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வேன். நான்கு குழாயிலும் மோர் வந்தது! கொட்டவில்லை, சொட்டவில்லை, ஒரே சீராக வந்தது. கூட்டம் அலைமோதியது. எதிர்ப்பந்தலில் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அகப்பையோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். "மோருக்கு பைப் கனெக்‌ஷன் குடுத்திருக்காங்கப்பா," என்று யாரோ போனில் சொல்வது கேட்டது. எனக்குக் கால் தரையில் படவில்லை.

முதல் அண்டா முடிந்து இரண்டாவது அண்டா வந்தது. பத்து நிமிடத்தில் குழாயில் மோர் இளைத்தது. விரல் தடிமன் நூல் தடிமன் ஆயிற்று. வரிசையில் நின்ற ஒரு தம்பதிக்குள் சண்டையே வந்துவிட்டது. ஒரு டம்ளர் நிறைவதற்குள் கணவர் தன் ஆபீஸ் கதையை முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

அண்டாவை எட்டிப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று இருந்தது.

"அண்ணி! என்ன இது?"

"கொஞ்சூண்டு கறிவேப்பிலை."

"அண்ணி!"

"இஞ்சியும். கொத்தமல்லியும் ஒரு கைப்பிடி. எதிர்ப்பந்தல்காரி வந்து, 'ஏங்க, தாளிக்க மறந்துட்டீங்களா'ன்னு எல்லார் முன்னாலயும் கேக்குறா ரம்யா. என் கையால போட்ட மோரை ஒருத்தி அப்படிக் கேக்கலாமா?"

உறிஞ்சும் டியூபின் வாயில் நான் ஒரு வடிகட்டி கட்டியிருக்க வேண்டும். என் ஸ்லைடில் அது புள்ளிக்கோட்டில் சின்னதாக இருந்தது. புள்ளிக்கோடு என்றால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

செய்ய வேண்டியது எளிது. நிறுத்தி, பிரித்து, கழுவி, மாட்ட வேண்டும். ஆனால் நிறுத்தினால் மோர் நின்றுவிடும். மோர் நின்றால் வேலை போச்சு. டிவிக்கு மேலிருந்த விண்ணப்பம் கண்முன் வந்து நின்றது. அப்போது என் மூளையில் ஒரு மின்னல். ரிலீஃப் வால்வின் கதவிடுக்கில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு சிக்கிக் கதவு மூடாமல் நின்றிருக்கும். மோரெல்லாம் வெளியே போகாமல் வந்த பக்கமே திரும்புகிறது. கதவை இறுக்கினால் தீர்ந்தது!

(என் வாழ்நாளிலேயே நான் சரியாகக் கண்டுபிடித்த முதல் கோளாறு அது. அதற்காகவாவது யாராவது பாராட்டியிருக்கலாம்.)

ஸ்குரூ டிரைவரை எடுத்து வால்வ் திருகை இறுக்கினேன். ஒரு சுற்று. மோர் கொஞ்சம் தடித்தது. இன்னொரு சுற்று. இன்னும் தடித்தது. இனிப்பு கண்ட எறும்பு மாதிரி, திருகு நகர மறுக்கும் வரை இறுக்கிவிட்டேன். நான்கு குழாயும் பீறிட்டன. வரிசை ஆரவாரம் செய்தது. மேடம் தூரத்திலிருந்து முதல்முறையாகத் தலையசைத்தார். திங்கட்கிழமை எந்தச் சுடிதார் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வீதித் திருப்பத்தில் சத்தம் எழுந்தது. "ரங்கா! ரங்கா!"

தேர் திரும்பிவிட்டது. முதலில் உச்சிக் குடை தெரிந்தது, பிறகு அசைந்து அசைந்து முழுத் தேர். வடம் பிடித்தவர்கள் வியர்வையில் மின்னிக்கொண்டு வந்தார்கள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் டம்ளரை வைத்தார்கள். அட்டையில் எழுதியிருந்தபடி, ஒருவர் விடாமல், ஒழுங்காகக் குழாயை மூடினார்கள். இரு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்கள். மேடம் கண்ணை மூடிக் கும்பிட்டார். அண்ணி கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், "திங்கட்கிழமை, திங்கட்கிழமை" என்று.

அந்த வீதியில் கும்பிடாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். அது அண்டாவிலிருந்து மோரை வாங்கிக்கொண்டே இருந்தது. வெளியே நான்கு குழாயும் மூடியிருந்தன. திரும்பிப் போகும் கதவை நானே இறுக்கி வைத்திருந்தேன். பம்பின் குரல் மாறியது. ரீங்காரம் உறுமலாயிற்று. கண்ணைத் திறந்து பார்த்தேன். டியூப், பொங்கலுக்கு வாங்கிய கரும்பு மாதிரி விறைத்து நின்றது.

ஸ்லைடு இருபத்தேழு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டமாரென்று டியூப் குழாய்ப் பக்கம் பிடுங்கிக்கொண்டது. அதன் நுனி துள்ளி எழுந்து ஒரு வட்டம் அடித்து, முதல் பீச்சை மயில்கழுத்துப் பட்டுப்புடவைக்கே கொடுத்தது. இரண்டாவது பீச்சு மேடத்தின் கூப்பிய கைக்கும் முகத்துக்கும் நடுவில் போனது. மேடம் கண்ணைத் திறக்கவில்லை. தீர்த்தம் தெளிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ஒரு சொட்டு உதட்டில் பட்டு உப்புக் கரித்த பிறகுதான் சந்தேகம் வந்ததாம்.

நான் பாய்ந்து டியூபைப் பிடித்து, வாயைக் கட்டைவிரலால் அடைத்தேன். (தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவர்களுக்கு அதன் பலன் தெரியும்.) மோர் இன்னும் பத்தடி தூரம் பாய்ந்து, வடம் பிடித்து வந்தவர்கள் மேல் மழையாக விழுந்தது.

அடி விழப்போகிறது என்று குனிந்தேன்.

"ஆஹா!" என்றது ஒரு குரல். "யம்மா, இந்தப் பக்கமும் அடிம்மா!"

"ஏய், இங்க அடிங்க, இங்க! முதுகு எரியுது!"

வெயிலில் வடம் இழுப்பவர்களுக்குத் தண்ணீர் பீச்சுவது வழக்கம்தான். இந்த வருடம் ஏதோ புண்ணியவதி மோராகவே பீச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். கைகள் உயர்ந்தன. நான் என்ன செய்வது? அந்தப் பக்கமும் அடித்தேன். தேர் எங்கள் பந்தலை மெல்லக் கடந்து போகும் வரை, மோர் பீச்சியடித்தபடியே இருந்தது. கடைசி வடக்காரர் போன பிறகு அண்ணி நிதானமாக நடந்து வந்து, பேட்டரியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றினார். அது அத்தனை எளிது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

மேடம் வந்தார். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. இடது புருவத்துக்கு மேல் ஒரு கறிவேப்பிலை.

"என்னாச்சு?"

டியூப் மட்டம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கறிவேப்பிலையைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"ரிலீஃப் வால்வை இறுக்கிட்டேன் மேடம்."

"எத்தனை சுத்து?"

"இறுகுற வரைக்கும்."

"பிரி," என்றார். ஸ்பேனரை நீட்டினார்.

மோர் வழியும் மேசையில், என் வாழ்க்கையின் முதல் பம்பைப் பிரித்தேன். மூடி கழன்றது. உள்ளே கொத்தமல்லித் தோட்டம். ஒரு வெட்டில் இஞ்சி அடைத்து, தகடு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதைத் தாண்டி, பித்தளைச் சுவருக்கும் உருளைக்கும் நடுவில், ஓரத்தில் அகன்று போகப் போகக் குறுகி...

"மேடம்!" என்று கத்திவிட்டேன். "பிறை மேடம்! நிஜமாவே பிறை மாதிரியே இருக்கு! அண்ணி, ஓடி வாங்க, உங்க வளையல்!"

நான் எந்த நிலைமையில் நிற்கிறேன் என்பதே மறந்துபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மேடத்தின் முகம் இறுகியிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏங்க, ஒண்ணு கேக்கலாமா? கறிவேப்பிலை போட்டது நான். அது என் தப்பு. ஆனா நீங்க என்ன சொன்னீங்க? தேர் தாண்டுற வரைக்கும் மோர் நிக்கக் கூடாதுன்னுதானே?"

"ஆமா."

"நின்னுச்சா?"

மேடம் அண்ணியைப் பார்த்தார். தன் புடவையைப் பார்த்தார். வீதியில் தூரத்தில், மோர் சொட்டச் சொட்ட வடம் இழுத்துப் போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். புருவத்திலிருந்து கறிவேப்பிலை நழுவி விழுந்தது. அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்தார். உட்கார நாற்காலி தேட வேண்டியதாகிவிட்டது.

"திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு வந்துடு," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "பட்டுப்புடவையை நீதான் துவைக்கணும்."

நான்கு வருடம் ஆகிறது. இப்போது மாதத்துக்கு எத்தனையோ பம்ப் பிரிக்கிறேன், கான்செப்டாக அல்ல. ஆனால் எங்கள் ஷெட்டில் எந்தப் பம்ப் அடைத்துக்கொண்டு வந்தாலும், அது டீசல் லாரியிலிருந்து வந்திருந்தாலும் சரி, ஃபிட்டர்கள் முதலில் கேட்பது "கறிவேப்பிலையா?" என்றுதான். வீட்டில் நான் கோபப்பட்டால் அப்பா அம்மாவிடம், "கொஞ்சம் கதவைத் திறந்து விடு, டியூப் விறைக்குது," என்கிறார். விண்ணப்பத்தை இன்னும் தூக்கிப் போடவில்லை. டிவிக்கு அடியில் சமன் செய்ய மடித்து வைத்திருக்கிறார்.

பந்தலில் இப்போது பழையபடி அகப்பைதான். அதைப் பிடிப்பது நான். மேடத்தின் உத்தரவு. சென்ற சித்திரைத் தேருக்கு அந்தப் பச்சைமலைப் பெரியவர் மறுபடி வந்தார். வரிசையில் நகர்ந்து என் முன்னால் வந்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நான் டம்ளர் நிறைய மோர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கினார். என்னை ஒரு முறை, அண்டாவை ஒரு முறை பார்த்தார். பிறகு டம்ளரின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, வேகமாக நடந்து, எதிர்ப்பந்தலுக்குப் போய் நின்றுதான் குடித்தார்.